முதல் டாக், முதல் ஆம்ப்: வாங்கும் முன் ஒரு கணக்கு

2015 ஆகஸ்டில் ஷாவ்மி நிறுவனம், இந்தியாவில் தயாரித்த தன் முதல் செல்போனை வெளியிட்டது. ரெட்மி 2 பிரைம் என்ற அந்தப் போன் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்பட்டது. ஸ்ரீசிட்டி அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஏழாயிரம் ரூபாய்க்கும் குறைவான அந்தப் போனில் ஹெட்போன் செருக ஒரு துளை இருந்தது. எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றும் டாக், அந்த மின்னலைக்கு ஹெட்போனை அசைக்கும் வலுவைத் தரும் ஆம்ப் இரண்டும் அந்தத் துளைக்குப் பின்னால் இருந்தன.

ஆக, தனியாக டாக்கும் ஆம்பும் வாங்க நினைக்கும் யாரும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஏற்கெனவே கையில் இருப்பது எந்த இடத்தில் போதவில்லை என்பதுதான் முதல் கேள்வி. சித்தூரிலும் திருப்பதியிலும் செல்போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலைந்து ஆம்புகளை அடுக்கி வைத்து, உங்கள் ஹெட்போனையே மாட்டிக் கேட்டுப் பார்க்கச் சொல்லும் கடை வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். பெரும்பாலோர் கேட்காமலேயே கூரியரில் வரவழைக்கிறார்கள். கேட்டுப் பார்க்க வழியில்லாதவர்களுக்குக் கணக்கு கைகொடுக்கும். பள்ளிக்கூடத்து ஓம் விதியே அதற்குப் போதும்.

டாக் செய்யும் வேலை

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை மைக் மின்னலையாக மாற்றுகிறது. டிஜிட்டல் பதிவில் அந்த அலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறார்கள். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. இந்த விநோதமான எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிந்துவைக்க வீடியோ ரெக்கார்டரைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் கோடு ஒன்றுக்கு 3 எண்கள், 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள், பெருக்கினால் 44,100.

இப்படிக் குறித்த புள்ளிகளை டாக் மறுபடி அலையாக்குகிறது. புள்ளிகளுக்கு நடுவே இருந்த இசை தொலைந்துபோகும், டிஜிட்டல் ஒலி படிக்கட்டு போல வெட்டு வெட்டாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். விளம்பரங்களிலும் அந்தப் படிக்கட்டுப் படம் வருகிறது. அது தவறு. வாசலில் வைத்த அதே புள்ளிகளைக் கொண்டு நாலு பேர் நாலு விதமாகக் கோலம் போடலாம். ஒலியின் புள்ளிகளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அளக்கும் வேகத்தின் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் மட்டுமே அலையில் இருந்தால், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போகக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் போட்ட அடித்தளத்தின் மீது 1949-ல் கிளாட் ஷானன் இதைக் கணிதமாக நிறுவினார். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். 44,100-ன் பாதி 22,050. காது கேட்கக்கூடியது முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது பிட். ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இடைவெளியைத் தருகிறது. 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல். 24 பிட் என்றால் ஏட்டளவில் 144. பதிவுக் கூடத்தில் 24 பிட் தேவை. யார் எப்போது குரலை உயர்த்துவார் என்று தெரியாததால் பொறியாளர் இடம் விட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்பவருக்கு அந்தத் தேவை இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எச்எம்வி இசைத்தட்டாக 1963-ல் வந்தது. அந்தக் காலக் காந்த நாடாவில் டேப்பின் இரைச்சலுக்கும் குரலின் உச்சத்துக்கும் நடுவே 60, 70 டெசிபல் கிடைத்தால் அதிகம். அந்த மூலத்தை 24 பிட்டில் விற்றால், டேப்பின் இரைச்சல்தான் கூடுதல் துல்லியத்தோடு வந்து சேரும். பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காலத்து 78 சுற்று இசைத்தட்டுகளுக்கோ 16 பிட்டே தாராளம்.

காதங்கியில் தேவைப்படும் துல்லியம்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கி இருக்கிறது. அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் எம்எஸ்டி ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்புகிறது. மேலே காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக மிகச் சன்னமானது. அண்டவெளி இரைச்சலில் புதைந்துதான் வந்து சேர்கிறது. அதை எண்களாக்கி, திரும்பத் திரும்பக் கூட்டி, இரைச்சலைக் கழித்து, காற்றின் வேகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். டாக் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது. இங்கே ஒவ்வொரு டெசிபலும் பொன்.

பாட்டுக் கேட்பவரின் நிலைமை வேறு. சராசரி 75 டெசிபலில் கேட்கிறீர்கள், உச்சங்கள் 95-ஐத் தொடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். டாக்கின் இரைச்சல் உச்சத்துக்கு 100 டெசிபல் கீழே இருந்தால், அது காதில் மைனஸ் 5 டெசிபலாக விழும். மனிதக் காதின் தொடக்க எல்லையோ 0. ஆக, அது கேட்காது. கோடையில் திருப்பதியில் மின்விசிறி இல்லாமல் யாரும் உட்கார முடியாது. ஓடும் விசிறியின் சத்தமே 40 டெசிபலைத் தாண்டும். இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு 110 டெசிபல் டாக்குக்கும் 120 டெசிபல் டாக்குக்கும் வித்தியாசம் தேடுவது வீண்.

இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் நல்ல டாங்கிள்களே, அதாவது டாக்கும் ஆம்பும் அடங்கிய, போனில் செருகும் சிறு இணைப்பிகளே, இந்த எல்லையை நெருங்கிவிட்டன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் டாக் சில்லு செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டாக் செய்யும் பல நிறுவனங்கள் ஈஎஸ்எஸ் போன்ற வேறு நிறுவனங்களின் சில்லுகளுக்கு மாறிக்கொண்டன. எந்தச் சில்லு என்பதை வைத்து இசையின் குணத்தை வர்ணிக்கும் பேச்சுக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். சில்லைச் சுற்றியுள்ள மின்சுற்றை ஒழுங்காக அமைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

ஆம்புக்கு வருவோம்

உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இம்பீடன்ஸ், மாறும் மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு, ஓமில் சொல்வார்கள். இன்னொன்று சென்சிடிவிட்டி, குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபலில் சொல்வார்கள்.

இரண்டாவது எண்ணில் ஒரு பொறி உண்டு. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று அச்சிடும். சில நிறுவனங்கள் ஒரு வோல்டுக்கு இத்தனை என்று அச்சிடும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். எல்லாவற்றையும் வோல்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மில்லிவாட்டில் சொன்ன எண்ணோடு, 16 ஓம் ஹெட்போனுக்கு 18 கூட்டுங்கள். 32 ஓமுக்கு 15. 300 ஓமுக்கு 5. வோல்ட் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 20 கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இலக்கு எவ்வளவு? தவில் அடி, நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயி போன்ற திடீர் உச்சங்களுக்கும் இடம் விட்டு 110 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் தாராளம். மூன்று வகை ஹெட்போன்களைப் பார்ப்போம்.

முதலாவது, காதுக்குள் செருகும் இயர்போன். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 105 டெசிபல். வோல்டுக்கு மாற்றினால் 123. 110-ஐ எட்ட கால் வோல்ட் கூடத் தேவையில்லை. எந்தச் செல்போனும் தரும்.

இரண்டாவது, சென்ஹைசர் எச்டி 650. 300 ஓம், வோல்டுக்கு 103 டெசிபல். 110-க்கு 7 டெசிபல் குறைகிறது, சுமார் 2.2 வோல்ட் வேண்டும். மின்னோட்டமோ வெறும் 7.5 மில்லிஆம்பியர். இதற்கு வேண்டியது வோல்ட்.

மூன்றாவது, தட்டையான மென்படலம் அதிர்ந்து ஒலிக்கும் பிளேனார் வகை. 32 ஓம், மில்லிவாட்டுக்கு 91 டெசிபல் என்று கொண்டால், வோல்டுக்கு 106. தேவை 1.6 வோல்ட்தான், ஆனால் 50 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட் இருந்தும் மின்னோட்டம் தர முடியாத சிறு டாங்கிள் இங்கே மூச்சுத் திணறும். உச்சங்களில் ஒலி உடையும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஓம் அதிகமானால் பெரிய ஆம்ப் வேண்டும், குறைந்தால் வேண்டாம் என்ற பொதுவான பேச்சு பாதி உண்மைதான். 300 ஓம் ஹெட்போன் கேட்பது 17 மில்லிவாட். 32 ஓம் பிளேனார் கேட்பது 79 மில்லிவாட். ஒரு வோல்ட் தரும் ஆப்பிள் டாங்கிளில் எச்டி 650-ஐ மாட்டினால் 103 டெசிபல் வரை போகும். பெரும்பாலோர் அன்றாடம் கேட்கும் சத்தத்துக்கு அது போதும். இரண்டு வோல்ட் தரும் டாங்கிள் 109-ஐத் தொட்டுவிடும். அந்த ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் பல நேரம் சத்தம் குறைவாகவே வரும் என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

வலு கூடினால் கெடுதலும் உண்டு. மேசை ஆம்பிலிருந்து 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். எச்டி 650-ல் அது 3 டெசிபல், கேட்காது. முன்னே சொன்ன இயர்போனில் 23 டெசிபல். இரவின் அமைதியில் பாட்டு நின்றதும் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். இயர்போன் மட்டுமே வைத்திருப்பவர் பெரிய மேசை ஆம்ப் வாங்கினால், காசும் கொடுத்து இரைச்சலும் வாங்கியவர் ஆவார்.

மறைந்திருக்கும் இன்னொரு எண்

ஆம்புக்கும் சொந்தமாக ஒரு எதிர்ப்பு உண்டு. வெளியீட்டு இம்பீடன்ஸ் என்பார்கள். பல விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை, ஆனால் இயர்போன் வைத்திருப்பவர் கட்டாயம் தேட வேண்டிய எண் இது. ஒரே இயர்போனுக்குள் டிரைவர்கள் எனப்படும் ஒலியெழுப்பும் சிறு பாகங்கள் பல இருந்தால், அதன் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் எதிர்ப்பு 10 ஓம் என்றால், இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு விழும். ஒரே ராகத்தின் கீழ் ஸ்வரம் அமுங்கி மேல் ஸ்வரம் துருத்திக்கொண்டு நிற்கலாம். ஆம்பின் எதிர்ப்பு 1 ஓம் என்றால் வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக ஆம்பின் ஓம் இருக்கட்டும் என்பது நடைமுறை விதி. 1990-களில் சர்வதேசத் தரமே 120 ஓம் வெளியீட்டைப் பரிந்துரைத்தது. அதனால்தான் பழைய ஸ்டீரியோ பெட்டிகளின் ஹெட்போன் துளையில் இன்றைய இயர்போனைச் செருகினால் ஒலி மாறிப்போகிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்யும் ஆம்புக்குப் பெரிய செலவு ஆகாது என்பதை 2011-ல் ஒருவர் காட்டினார். என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய அந்தப் பொறியாளர் ஓ2 என்ற ஆம்பை வடிவமைத்தார். எளிதில் கிடைக்கும் மலிவான உதிரிகள். மின்சுற்றுப் படம், அளவீடுகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார். தன் பெயரை வெளியிடவில்லை. யார் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். பல சிறு நிறுவனங்கள் அதைச் செய்து விற்றன. 2012-ல் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆனால் பத்து மடங்கு விலையுள்ள பெட்டிகளைப் பார்த்து, 'உன் அளவீடு எங்கே?' என்று கேட்கும் பழக்கத்தை விட்டுச்சென்றார்.

கரண்டும் முனகலும்

மேசை ஆம்ப் வாங்கிய பலர் முதல் வாரம் சொல்லும் புகார், பின்னணியில் 'ம்ம்ம்' என்ற முனகல். ஆம்ப் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப்பும் ஆம்பும் தனித்தனி பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்து, நடுவே யூஎஸ்பி கம்பியால் இணைந்தால், எர்த் வழியாக ஒரு வட்டம் உண்டாகி 50, 100 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே நுழையும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் குற்றம் சார்ஜர் வழியில். இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீரும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் 'கிர்ர்' என்று கேட்டால் காரணம் வேறு. திருப்பதி கரகம்பாடியில் பேட்டரி தயாரிக்கும் அமர ராஜா போன்ற நிறுவனங்கள் இருக்கும் ஊரில் இன்வெர்ட்டர் புதிதல்ல. மலிவான இன்வெர்ட்டர்கள் வளைந்து ஏறி இறங்கும் அலைக்குப் பதிலாகச் சதுர அலையைத் தருகின்றன. சதுர அலைக்குள் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்தே வரும். விசிறியில் கேட்கும் அதே உறுமல் ஆம்பிலும் புகும். சைன் அலை இன்வெர்ட்டரில் இது இல்லை. போனிலிருந்தே கரண்ட் எடுக்கும் டாங்கிளுக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

காதைச் சோதிப்பது எப்படி?

புது ஆம்ப் மாட்டியதும் இசை விரிந்தது, தம்பூரா தனியாகக் கேட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சத்தம். இரண்டு கருவிகளில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், காது அதைச் 'சத்தம் கூடியது' என்று உணராமல் 'நன்றாக இருக்கிறது' என்று உணர்கிறது. ஒப்பிடும்போது இரண்டின் வோல்டையும் மல்டிமீட்டரால் அளந்து சமப்படுத்த வேண்டும். எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. 2007-ல் பிராட் மேயர், டேவிட் மொரான் இருவரும் அமெரிக்காவில் இப்படி ஒரு சோதனை நடத்தினார்கள். உயர்துல்லிய ஒலியை அப்படியே ஒரு முறையும், சிடியின் 16 பிட் வழியாகச் செலுத்தி ஒரு முறையும் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

பேலன்ஸ்டு என்று விற்கப்படும் 4.4 மில்லிமீட்டர் துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வோல்டை இரட்டிக்கும். அதாவது 6 டெசிபல் கூடும். பிளேனாருக்குச் சில நேரம் உதவும். இயர்போனுக்குத் தேவையில்லை. புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. டாக்கும் ஆம்பும் அவர்களுடைய ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே இன்னொன்று வாங்கினால் அது வேலை செய்ய வழியே இல்லை.

வரிசை

முதலில் ஹெட்போனுக்குச் செலவழியுங்கள். ஒலியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். பிறகு அதன் இரண்டு எண்களை வைத்து, மேலே சொன்னபடி வேண்டிய வோல்டையும் மின்னோட்டத்தையும் கணக்கிடுங்கள். கையில் உள்ள போனோ லேப்டாப்போ அதைத் தருமானால், இரைச்சலும் இல்லையானால், எதுவும் வாங்க வேண்டாம். போனில் துளை இல்லையென்றால் டாங்கிள் போதும். பிளேனாரோ, வோல்ட் அதிகம் கேட்கும் ஹெட்போனோ இருந்தால் மட்டும், வெளியீட்டு இம்பீடன்ஸ் 1, 2 ஓமுக்குள் உள்ள சிறு மேசை ஆம்ப் ஒன்று வாங்கலாம். டாக் தனி, ஆம்ப் தனி என்று இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பது பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

வலுவான ஆம்ப் கையில் வந்ததும் குமிழைத் திருப்பும் ஆசையும் கூடவே வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். 95-ல் ஒன்றேகால் மணி. நல்ல டாக்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். உட்காதில் ஒருமுறை இறந்த மயிர்ச்செல்கள் திரும்ப முளைப்பதில்லை. குமிழ் பாதியிலேயே நிற்கட்டும்.